லை டிடெக்டர் சோதனை: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் நகையோ வெள்ளிச் சாமானோ பழைய மரச் சிற்பமோ காணாமல் போனால், சந்தேகம் வாட்ச்மேன், சமையல்காரர், வீடு கூட்டித் துடைக்கிற பெண் என்று வரிசையாகப் போகிறது. கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் "லை டிடெக்டர் வச்சுப் பாத்துருவோம்" என்கிறார். வீட்டுக்காரர்களும் வேலை செய்பவர்களும் நம்மிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கருவியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் உறுதியாகத் தெரிந்ததை இங்கே தொகுத்திருக்கிறோம்.

லை டிடெக்டர்னா என்னங்க? பொய் சொன்னா லைட் எரியுமா?

எரியாது. லை டிடெக்டரின் சரியான பெயர் பாலிகிராஃப். அது உடம்பில் நடக்கும் மூன்று நான்கு மாற்றங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கருவி. நெஞ்சில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாகச் சுற்றிக் கட்டும் ரப்பர் குழாய்கள் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் காட்டும். மேல்கையில் கட்டும் பி.பி. பட்டை ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் நாடித்துடிப்பையும் காட்டும். இரண்டு விரல்களில் மாட்டும் உலோகத் தகடுகள் வழியாக, உடம்புக்குத் தெரியாத அளவு மின்சாரம் செலுத்தி, தோலில் வியர்வை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். சில கருவிகளில் நாற்காலியின் இருக்கையிலும் அசைவைப் பிடிக்கும் உணரி இருக்கும்.

இவை எல்லாம் கணினித் திரையில் கோடுகளாக ஓடும். மூச்சுக்கு ஒரு கோடு உண்டு, வியர்வைக்கு ஒரு கோடு உண்டு; பொய்க்கென்று ஒரு கோடு கிடையாது. கோடுகளைப் பார்த்து "இவர் பொய் சொல்கிறார்" என்று முடிவுக்கு வருவது சோதனை செய்யும் ஆள்.

பொய் சொன்னா உடம்பு காட்டிக் குடுத்துரும்னு சொல்றாகளே, அது நெசந்தானே?

பதற்றம் வந்தால் உடம்பு காட்டும். அந்தப் பதற்றம் எதனால் வந்தது என்று உடம்பு சொல்லாது. பயம், கோபம், அவமானம், துக்கம், திடுக்கிடல் எல்லாவற்றுக்கும் ஒரே நரம்பு மண்டலம்தான் வேலை செய்கிறது. கேள்வி காதில் விழுந்த ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் உள்ளங்கையிலும் விரலிலும் வியர்வை கூடும், நாடி மாறும், மூச்சு ஒரு கணம் அடங்கும். பொய் சொல்பவருக்கு மட்டும் வந்து மற்றவர்களுக்கு வராத உடல் மாற்றம் ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்தச் சோதனையின் மற்ற எல்லாக் குறைகளும் இந்த ஒரு குறையிலிருந்து வருபவைதான்.

இதை யாரு கண்டுபிடிச்சது? ரொம்பப் பழசா?

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் வில்லியம் மார்ஸ்டன் ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று 1910-களில் ஆரம்பித்தார். 1921-இல் பெர்க்லி நகரக் காவல் துறையில் இருந்த ஜான் லார்சன் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியைச் செய்தார். மார்ஸ்டனின் சோதனையைச் சாட்சியமாக ஏற்க வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-லேயே மறுத்துவிட்டது. ஃபிரை வழக்கு என்று அதைச் சொல்வார்கள். கருவி கணினிக்கு மாறிவிட்டதே தவிர, அளக்கிற விஷயங்கள் பெரும்பாலும் அன்று அளந்தவைதான்.

உள்ள கூட்டிட்டுப் போயி என்ன செய்வாக? எவ்வளவு நேரம் ஆகும்?

மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி கருவியை மாட்டுவதற்கு முன்பே போய்விடும். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். நடந்ததை உங்கள் வாயால் சொல்லச் சொல்வார்கள். பிறகு கேட்கப் போகும் எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே வாசித்துக் காட்டுவார்கள். சோதனையில் திடீர்க் கேள்வி இருக்கக் கூடாது என்பது முறை.

அடுத்து பெரும்பாலும் ஓர் எண் விளையாட்டு. ஓர் எண்ணை எழுதச் சொல்லி, எல்லா எண்ணுக்கும் "இல்லை" என்று பதில் சொல்லச் சொல்லி, கடைசியில் எது உங்கள் எண் என்று சொல்வார்கள். "கருவி உன்னைப் பிடித்துவிடும்" என்ற நம்பிக்கையை உண்டாக்கத்தான் இது. எந்த எண் என்று அவருக்கு முன்பே தெரிந்திருப்பதும் உண்டு.

அதன்பிறகு உண்மையான பதிவு. பத்துக் கேள்வி போல, ஒவ்வொன்றுக்கும் இடையில் 20, 25 விநாடி இடைவெளி விட்டுக் கேட்பார்கள். "ஆமாம்", "இல்லை" தவிர வேறு பதில் கூடாது, அசையக் கூடாது. பட்டை கையை இறுக்கிக்கொண்டே இருப்பதால் ஒரு சுற்று சில நிமிஷத்துக்கு மேல் போகாது. அதே கேள்விகளோடு குறைந்தது மூன்று சுற்று எடுப்பார்கள்.

என்ன மாதிரி கேள்வி கேப்பாக? நேரா "நீ களவாண்டியா"ன்னு கேட்ருவாகளா?

மூன்று வகைக் கேள்வி கலந்து வரும். "இன்று வெள்ளிக்கிழமையா?" என்பது சம்பந்தமில்லாத கேள்வி. "அந்த வளையலை நீங்கள் எடுத்தீர்களா?" என்பது விஷயக் கேள்வி. மூன்றாவதுதான் முக்கியம்: "இதுவரை உங்களை நம்பினவர்களிடமிருந்து எதையாவது எடுத்திருக்கிறீர்களா?" இதை ஒப்பீட்டுக் கேள்வி என்பார்கள். சின்ன வயதில் அம்மா சுருக்குப் பையிலிருந்து காசு எடுக்காதவர் குறைவு. ஆனாலும் "இல்லை" என்று சொல்ல வைக்கும்படி முன்பேச்சிலேயே பக்குவப்படுத்திவிடுவார்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. குற்றம் செய்தவர் விஷயக் கேள்விக்கு அதிகம் பதறுவார். செய்யாதவர் ஒப்பீட்டுக் கேள்விக்கு அதிகம் பதறுவார். ஒவ்வொரு ஜோடிக் கேள்விக்கும் கூட்டல் 3 முதல் கழித்தல் 3 வரை மதிப்பெண் போட்டு, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பரவலாக இருக்கிற ஒரு முறையில் மொத்தம் கூட்டல் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் உண்மை, கழித்தல் 6 அல்லது அதற்குக் கீழே போனால் பொய், நடுவில் நின்றால் முடிவு சொல்ல இயலாது. செய்தவர் ஒன்றுக்கும் செய்யாதவர் இன்னொன்றுக்கும் அதிகம் பதறுவார் என்ற அந்த அனுமானம் தவறினால் மதிப்பெண்ணும் சேர்ந்து தவறும்.

தப்பே செய்யாதவ எதுக்குப் பயப்படணும்? மடியில கனமில்லன்னா வழியில பயமில்லையே?

ஆச்சிமார்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. வேலைக்கு வரும் பெண்ணின் இடத்தில் ஒரு நிமிஷம் இருந்து பாருங்கள். பதினைந்து வருஷம் முகப்பிலிருந்து அடுப்படி வரை கூட்டித் துடைத்த வீடு. ஊரே பேசுகிறது. வேலை போகுமா, மகள் கல்யாணம் நின்று போகுமா, போலீஸ் அடிக்குமா என்று ராத்தூக்கம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். "வளையலை எடுத்தாயா?" என்ற கேள்வி வரும்போது அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருக்குமா? "சின்ன வயதில் எதையாவது எடுத்தாயா?" என்பதற்கு அதைவிட அதிகமாகப் பதறுவார் என்று எதிர்பார்ப்பது எப்படிச் சரி? எடுக்காதவருக்கும் எந்தக் கேள்வி தன் வாழ்க்கையைக் கவிழ்க்கும் என்று நன்றாகவே தெரியும்.

கேள்வியின் வாசகமும் ஆளைக் கவிழ்க்கும். "அந்த நகைப் பெட்டியைத் தொட்டீர்களா?" என்று கேட்டால், தினமும் பீரோ தட்டைத் துடைத்தவர் என்ன சொல்வார்? "ஆமாம்" என்றாலும் பயம், "இல்லை" என்றாலும் பொய். "எடுத்தீர்களா?" என்பதும் அதே போலத்தான். பெட்டியைத் துடைக்க எடுத்தது நினைவுக்கு வந்தால் கோடு ஏறும். தமிழ் சரளமாகத் தெரியாதவரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டாலோ, எழுத்துத் தமிழில் கேட்டாலோ குழப்பம் இன்னும் கூடும். பழமொழி வாழ்க்கைக்குப் பொருந்தலாம். விரலில் தகடு மாட்டிய நேரத்துக்குப் பொருந்தாது.

சரி, நூத்துக்கு எத்தனை தடவ சரியாச் சொல்லும்? 90 சதவீதம்னு போட்ருக்காகளே?

90-க்கு மேல் என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு கிடைத்த ஆய்வுகளை எல்லாம் அலசி 2003-இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடத் தெளிவாகவே மேல், ஆனால் குறையில்லாத நிலைக்கு வெகு தூரம் கீழே என்பது அவர்கள் முடிவு. ஆகவே "கருவி சுத்தப் பொய்" என்று சொல்வதும் சரியல்ல.

ஆய்வுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவரை இருபது டாலரை எடுக்கச் சொல்லிச் சோதிப்பதும், சிறைக்குப் போக நேரும் என்று நடுங்கும் ஆளைச் சோதிப்பதும் ஒன்றல்ல. நிஜ வழக்குகளில் யார் உண்மையில் குற்றவாளி என்பது பல நேரம் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. அந்த வாக்குமூலமோ "சோதனையில் மாட்டிக்கொண்டாய்" என்று சொல்லி வாங்கியது. அப்படியானால் கருவி சரியாகச் சொன்னதாகத்தான் கணக்கில் ஏறும்.

கல்யாண வீட்ல வைர மூக்குத்தி காணாமப் போச்சு. வேல பாத்த 20 பேருக்கும் வச்சுப் பாத்தா ஆள் தெரிஞ்சுரும்ல?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமையல், பந்தி, பந்தல் என்று 20 பேர். எடுத்தவர் ஒருவர். கருவி இரண்டு பக்கமும் நூற்றுக்கு 85 சரியாகச் சொல்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எடுத்தவர் மாட்ட 85 சதவீத வாய்ப்பு. எடுக்காத 19 பேரில் நூற்றுக்கு 15 தவறு என்றால் ஏறக்குறைய 3 பேர் "பொய் சொல்கிறார்" பட்டியலில் வருவார்கள். ஆக, மாட்டுகிற நாலு பேரில் மூன்று பேர் நிரபராதி. இருபது பேரிலும் எடுத்தவர் இல்லாமல், உறவுக்காரர் ஒருவர் எடுத்திருந்தால்? அப்போதும் மூன்று பேர் மாட்டுவார்கள்.

மேலே சொன்ன 2003 அறிக்கை இதையே பெரிய அளவில் காட்டியது. 10,000 ஊழியரில் 10 பேர் உளவாளி என்று வைத்துக்கொண்டு, 10-இல் 8 பேரைப் பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக்கினால், கூடவே 1,598 நல்லவர்கள் மாட்டுவார்கள். நல்லவர்கள் 39 பேர் மட்டும் மாட்டும்படி தளர்த்தினால், 8 உளவாளிகள் தப்பிவிடுவார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்துக்கொண்ட தரமும் நல்ல தரம்தான். கூட்டமாக உட்காரவைத்துச் சோதிப்பது எப்போதும் இந்தக் கணக்கில்தான் விழும்.

நெசமான களவாணி தப்பிச்சுருவானா?

தப்பித்திருக்கிறார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் தேறினார்; 1994-இல்தான் கைதானார். வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களைத் தொடர்ச்சியாகக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-இல் சோதனையில் தேறி, 2001-இல் மரபணுச் சோதனையில் மாட்டினார். 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார். 1984-இலேயே போலீஸ் சந்தேகப்பட்டு விசாரித்த ஆள் அவர்.

ஒப்பீட்டுக் கேள்வியின் கணக்கைப் புரிந்துகொண்டவர், அந்த இடத்தில் வேண்டுமென்றே பதற்றத்தைக் கூட்டினால் மதிப்பெண் தலைகீழாகும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், அரை மணி நேரம் போலப் பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தப்பித்தார்கள். நிரபராதி யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம். சோதிப்பவர் கவனித்துவிட்டால், ஏமாற்றப் பார்த்தார் என்றே அறிக்கையில் எழுதுவார்.

எனக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. மாத்திர சாப்பிட்டா ரிசல்ட் மாறுமா?

மாறலாம். இதயத்துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடிக் கோட்டைத் தட்டையாக்கும். நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டால் வியர்வை குறையும். ஆஸ்துமா, சளி, இருமல் மூச்சுக் கோட்டைக் கெடுக்கும். பாத்திரம் தேய்த்தும் கட்டட வேலை பார்த்தும் விரல் காய்த்துப்போனவருக்குத் தோல் கோடு சரியாக எழாது. மாத்திரைச் சீட்டை எடுத்துப் போய்ச் சோதனைக்கு முன்பே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

களவாண்டவனுக்கு மட்டும் தெரிஞ்ச விசயத்தக் கேட்டா மாட்டிக்கிருவான்ல?

இது வேறு முறை, ஒப்பீட்டுக் கேள்வி முறையைவிட நியாயமானது. 1959-இல் டேவிட் லிக்கன் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்தது; ஜப்பான் போலீஸ் அதிகம் பயன்படுத்துகிறது. "நகை எதில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது? மஞ்சள் துணியா, செய்தித்தாளா, பட்டுத் துண்டா, பனையோலைப் பெட்டியா, கடிதக் கவரா?" என்று ஐந்து விடைகளைச் சொல்வார்கள். விஷயம் தெரியாதவருக்கு ஐந்தும் ஒன்றுதான். தற்செயலாகச் சரியான விடைக்கு அதிகம் பதற ஐந்தில் ஒரு வாய்ப்பு. இப்படி ஐந்து கேள்விக்கும் தற்செயலாகவே மாட்ட 3,125-இல் ஒரு வாய்ப்புதான். முதலில் சொல்லும் விடைக்கு எவருக்கும் உடம்பு சற்றுத் துள்ளும்; ஆகவே சரியான விடையை முதலில் வைக்கக் கூடாது.

நம் ஊரில் இது தோற்கும் இடம் ஒன்று உண்டு. விவரம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. நகை மஞ்சள் துணியில் இருந்தது, பட்டாலை அலமாரியில் இருந்தது என்று மறுநாள் காலையிலேயே டீக்கடையில் பேச்சு. வீட்டில் வேலை பார்ப்பவருக்கு அலமாரி எங்கே இருக்கிறது என்பது எப்படியும் தெரியும். அப்புறம் அந்தக் கேள்வி பயன்படாது. இழப்பைப் புகார் கொடுக்கும் வீட்டுக்காரர் இந்த விவரங்களை விசாரணை அதிகாரியிடம் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது நல்லது.

கொல்லங்குடியில காசு வெட்டிப் போட்டா எடுத்தவன் கொண்டாந்து வச்சுர்றான். இதும் அது மாதிரி தானே?

கொல்லங்குடிக் கோயிலில் வெட்டுடையார் காளியிடம் முறையிட்டுக் காசு வெட்டிப் போடப்போகிறோம் என்று சொன்னதுமே பொருள் திரும்பி வந்த கதைகள் சிவகங்கைச் சீமையில் நிறைய. அங்கே அம்மன் மீதுள்ள பயபக்தி வேலை செய்கிறது. பாலிகிராஃபிலும் பல நேரம் "கருவி கண்டுபிடித்துவிடும்" என்ற நம்பிக்கைதான் வேலை செய்கிறது. பொய்யைப் பிடிக்கும் கருவி என்று நம்பவைத்து ஒரு வெற்றுப் பெட்டியோடு இணைத்தாலே மக்கள் கூடுதலாக உண்மையைச் சொல்கிறார்கள் என்று 1970-களிலிருந்து உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கோயிலில் யார் பெயரையும் சொல்லிக் குற்றவாளி என்று அறிக்கை தருவதில்லை. கருவி தருகிறது, அதுவும் மேலே கல்யாண வீட்டுக் கணக்கில் பார்த்தபடி, எடுக்காதவர் பெயரையும் சேர்த்து.

போலீஸ் என்னையக் கட்டாயப்படுத்தி உக்கார வைக்க முடியுமா?

முடியாது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. பாலிகிராஃப், மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ, மூளை அலைச் சோதனை மூன்றையும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது. நடத்தினால் அரசியல் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு விரோதம். குற்ற விசாரணைக்கு மட்டுமல்ல, வேறு எந்தச் சந்தர்ப்பத்துக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாட்சியாக விசாரிக்கக் கூப்பிடும்போது பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்ல முடியாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்களும் வயதான வாட்ச்மேன்களும் இதை மனப்பாடமாக வைத்திருக்கலாம்.

சம்மதம்னா என்ன? ஏட்டையா கிட்ட "சரி"ன்னு சொன்னாப் போதுமா?

போதாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிமுறைகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சோதனையால் உடம்புக்கும் மனதுக்கும் வழக்குக்கும் என்ன ஆகும் என்பதைப் போலீஸும் வக்கீலும் விளக்க வேண்டும். சம்மதத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும். அங்கே உங்கள் வக்கீல் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வது மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்னதற்குச் சமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் காவலில் வைத்தார்கள், எப்படி விசாரித்தார்கள் என்பதையும் மாஜிஸ்திரேட் கவனிக்க வேண்டும். சோதனையைப் போலீஸ் சாராத அமைப்பு, வக்கீல் முன்னிலையில் நடத்த வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

மாட்டேன்னு சொன்னா "அப்ப நீதான் எடுத்த"ன்னு ஆயிராதா?

சட்டப்படி ஆகாது. மறுப்பது உங்கள் உரிமை. அதையே குற்றத்துக்கு அடையாளமாகக் கோர்ட்டில் காட்ட முடியாது. ஊர் வாய் வேறு விஷயம். வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: மறுத்தார் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள். விவரம் தெரிந்த வக்கீலே மறுக்கச் சொல்லி யோசனை சொல்லியிருக்கலாம்.

ரிசல்ட் கோர்ட்ல செல்லுமா?

சோதனை முடிவு தனியாகச் சாட்சியம் ஆகாது, சம்மதத்தோடு எடுத்திருந்தாலும். ஆனால் சம்மதத்தோடு நடந்த சோதனையில் தெரிந்த தகவலை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்பு சாட்சியமாகலாம். இந்த விதி முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் வரம்புரையாக, அதாவது விதிவிலக்காக, இருக்கிறது. "கோர்ட்டில் செல்லாதே, உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஃபெயில் ஆயிட்ட, ஒத்துக்க"ன்னு சொல்றாக. என்ன செய்யிறது?

ஒத்துக்கொள்ளாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "வக்கீல் வந்தபிறகு பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கோடுகளைக் காட்டி மிரட்டுவது பழைய உத்தி. 1973-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தாயை இழந்த பீட்டர் ரைலி என்ற 18 வயதுப் பையனிடம், பாலிகிராஃப் நீதான் என்று காட்டுகிறது என்றார்கள். அவன் தன் நினைவையே சந்தேகப்பட்டு, செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டான். தண்டனையும் கிடைத்தது. பிறகு தீர்ப்பு ரத்தாகி, வழக்கும் கைவிடப்பட்டது.

போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் செல்லாது என்று மேலே சொன்ன 23-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் பயத்தில் மாஜிஸ்திரேட்டிடமும் அதையே சொன்னால் கதை வேறு. அங்கே போய் நிற்கும்போது, அடித்தார்களா, மிரட்டினார்களா, தூங்கவிட்டார்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.

நானே கேட்டு வாங்கி, சோதனையில பாஸ் ஆகி நிரபராதின்னு காட்டலாமா?

கேட்கலாம், கிடைத்தே தீரும் என்ற உரிமை இல்லை. நார்கோ சோதனை பற்றி 2025-இல் அம்லேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தேறினால் விடுதலை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தேறாவிட்டால், இல்லாத சந்தேகத்தை நீங்களே உண்டாக்கிக்கொண்டது ஆகும். நிரபராதி தேறுவார் என்ற உறுதி ஏன் இல்லை என்பது முன்பே சொல்லியாயிற்று.

சென்னையில ஒரு ஏஜென்சி வந்து செஞ்சு தர்றாகளாம். இல்லாட்டி போன்லயே ஆப் இருக்கு, குரல வச்சுச் சொல்லுதாம்?

ஆப் எல்லாம் விளையாட்டுச் சாமான். குரல் நடுக்கத்தை அளந்து பொய்யைச் சொல்வதாக விற்கும் கருவிகளும் சோதித்துப் பார்த்தபோது நாணயம் சுண்டுவதைவிட மேலாக நிற்கவில்லை.

தனியார் ஏஜென்சியிடம் மாஜிஸ்திரேட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. பணம் கொடுத்த முதலாளிக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் 1988-இல் சட்டம் போட்டுப் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியரைச் சோதிப்பதைத் தடுத்துவிட்டார்கள். இங்கே, செல்வி தீர்ப்பைச் சொல்லி மறுத்துவிடலாம். வேலைக்குச் சேரும்போதே "எப்போது கேட்டாலும் சம்மதம்" என்று எழுதி வாங்கினாலும் அது மனமொப்பிய சம்மதம் ஆகாது.

பின்ன எதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறது?

சாவியிலிருந்து ஆரம்பியுங்கள். நம் வீடுகளில் பங்காளிகள் பல பேர். இரட்டைச் சாவி சென்னையில் ஒன்று, மலேசியாவில் ஒன்று, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒன்று. எந்த அறைச் சாவி யாரிடம், கடைசியாக யார் எப்போது திறந்தார்கள் என்று தாளில் எழுதினாலே, "வேலைக்காரிதான்" என்ற பேச்சு பல வீட்டில் ஆட்டம் கண்டுவிடும். பொருள் கடைசியாக எப்போது கண்ணால் பார்க்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோர் படைப்புக்குத் திறக்கும் வீட்டில் ஒரு வருஷ இடைவெளியே இருக்கும். நேற்று வந்து போனவரை மட்டும் பிடிப்பதில் அர்த்தமில்லை.

நகையின் எடை, முத்திரை, கல் எண்ணிக்கை, பழுது பார்த்த இடம், படம் எல்லாவற்றையும் எஃப்.ஐ.ஆரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். திருட்டு நகை அடகுக் கடைக்கோ உருக்குகிற இடத்துக்கோதான் போகும். அடகுக் கடைப் பதிவேட்டில் பெயரும் தேதியும் எடையும் இருக்கும். மரச் சிற்பம், வெண்கலச் சாமான் என்றால் அளவுகோல் வைத்து எடுத்த படம் வேண்டும். கைரேகை எடுக்கும் வரை பீரோவைத் துடைக்கவோ, உறவினர் கூடித் திறந்து பார்க்கவோ கூடாது. பெரும்பாலான வீடுகளில் போலீஸ் வருவதற்குள் இது கெட்டுப் போகிறது.

ஏற்கனவே ஸ்டேஷன்ல ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டாக. சோதனைக்குச் சம்மதம்னு எழுதியிருக்காம். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும். ஸ்டேஷனில் வாங்கிய கையெழுத்து மேலே சொன்ன முறைப்படியான சம்மதமே அல்ல. மாஜிஸ்திரேட் கேட்கும்போது "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால் அதோடு முடிந்தது. அதற்கு முன்பே, "இன்ன தேதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், சோதனைக்குச் சம்மதமில்லை" என்று இரண்டு வரி எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் ஸ்பீடு போஸ்டில், கிடைத்ததற்கான சான்று வாங்கும்படி அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் வீட்டில் வைக்காமல் வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் சம்மதித்த பிறகும் மனது மாறலாம். நாற்காலியில் உட்கார்ந்து பட்டை கட்டிய பிறகும் "வேண்டாம், கழற்றுங்கள்" என்று சொல்லலாம். அதன்பிறகு தொடர்ந்தால் அது கட்டாயச் சோதனைதான். நேரத்தைக் குறித்துக்கொண்டு, கூட இருக்கும் வக்கீலிடம் அந்த இடத்திலேயே அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.